தோல் ஆறுவதற்குள் தீர்ந்துபோகும் ஓராண்டு

சிங்கப்பூர் மருத்துவமனைகளில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு மொழிபெயர்த்து உதவ அவ்வப்போது போவேன். ஒருநாள் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இரண்டு முழங்காலிலும் கட்டோடு படுத்திருந்தார். தீக்காயம், அதுவும் ஆழமானது என்று டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "தீயே இல்லையேண்ணே, காங்கிரீட்லதானே மண்டி போட்டு வேலை பார்த்தேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். அங்கே தீ இல்லை. ஆனால் ஈரச் சிமெண்ட் கடுமையான காரம். அதன் பிஎச் அளவு 12-ஐத் தாண்டும். பேண்ட் வழியாக ஊறி முழங்காலில் ஒட்டிக்கொண்டால் உடனே எரியாது. மணிக்கணக்கில் மெதுவாகத் தோலைக் கரைக்கும். மாலையில் அரிப்பு, இரவில் எரிச்சல், மறுநாள் தோல் கறுத்து உரிந்துவிடும். இந்தத் தம்பியிடம் சூப்பர்வைசர், "டார்ம்ல ரெண்டு நாள் படு, சரியாயிடும். கம்பெனி பேசிக் போட்டுரும்" என்று சொல்லியிருக்கிறார். டார்ம் என்பது தொழிலாளர் விடுதி, பேசிக் என்பது ஓவர்டைம் சேராத அடிப்படைச் சம்பளம். தம்பி மருத்துவமனைக்கு வந்தது நான்காம் நாள். காயத்தைக் கழுவ வேண்டிய நேரத்தில் கழுவவில்லை. வேலையிடத்தில் நடந்தது என்பதற்கு முதல் நாள் தாள் ஒன்றும் கையில் இல்லை. உடம்பும் நஷ்டப்பட்டது, இழப்பீட்டுக் கணக்கும் அன்றைக்கே பலவீனப்பட்டது.

தீக்காயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு அவர்தான் காரணம். இந்தக் காயத்தின் மருத்துவத்தையும் சட்டத்தையும் தனித்தனியாகப் படித்தால் பாதிதான் விளங்கும். தோல் ஆறி, தழும்பு படிந்து, கைகால் பழைய நிலைக்கு வர ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டுகூட ஆகலாம். சட்டம் தரும் முக்கியமான கெடுவோ ஓராண்டு. அதுவும் விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணப்படுவது.

முதலில் காயத்தைப் பார்ப்போம். நம் தோலில் இரண்டு அடுக்கு: மெல்லிய மேல்தோல், அதற்குக் கீழே தடித்த அடித்தோல். வியர்வைச் சுரப்பி, முடிவேர், நரம்பு முனை, ரத்தக்குழாய் எல்லாம் அடித்தோலில் இருக்கின்றன. மேல்தோல் மட்டும் வெந்தால் சிவந்து எரியும், ஒரு வாரத்தில் ஆறிவிடும். அடித்தோலின் மேற்பகுதி வெந்தால் கொப்புளம் கிளம்பும், தொட்டாலே உயிர் போகும். ஆனாலும் இரண்டு, மூன்று வாரத்தில் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். முடிவேர்களைச் சுற்றி மிஞ்சிய செல்கள் புதுத் தோலை உண்டாக்கும். அடித்தோல் முழுவதும் போய்விட்டால் அந்த விதையே மிச்சமிருக்காது. காயம் வெளுத்தோ, பதனிட்ட தோலைப்போலப் பழுப்பாகவோ இருக்கும்.

அப்படிப்பட்ட காயம் அதிகம் வலிக்காது, நரம்பு முனைகளும் சேர்ந்தே எரிந்துபோயிருக்கும். "வலி இல்லைங்க, சின்னக் காயம்தான்" என்று சொல்லிக்கொண்டு வருபவரைப் பார்த்தால் டாக்டர்கள் கவலைப்படுவது இதனால்தான். வலியை வைத்துத் தீக்காயத்தை அளக்கவே கூடாது.

இனி வீட்டில் என்ன செய்வது. குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். ஓடுகிற சாதாரணக் குளிர்நீர் போதும், ஐஸ் வேண்டாம். ஐஸ் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, பிழைக்கக்கூடிய தோலையும் சாகடிக்கும். சுட்டவுடன் செய்வது மிக நல்லது. விட்டுப்போனால் மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. தோல் வெளியே ஆறினதுபோல் தெரிந்தாலும் உள்ளே சூடு தங்கி, அடுத்தடுத்த அடுக்கை வேகவைத்துக்கொண்டே இருக்கும். அந்த 20 நிமிடம் அதைத்தான் நிறுத்துகிறது. வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். குழந்தைக்கு என்றால் காயத்தில் மட்டும் தண்ணீர் படட்டும், மற்ற உடம்பைத் துண்டால் போர்த்திவையுங்கள். அப்புறம் சமையலறையில் இருக்கும் பிளாஸ்டிக் உறைத்தாளைக் காயத்தின் மேல் தளர்வாகப் போட்டு மூடிக்கொண்டு கிளம்பலாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

நம் வீடுகளில் குழாயைத் திறப்பதற்கு முன்னால் கை போவது வேறு பக்கம். இட்லி மாவு, மஞ்சள், தேங்காய் எண்ணெய், பற்பசை, முட்டை வெள்ளை. அந்தக் காலத்தில் பேனா மை. மாவு குளிர்ச்சியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும், கிருமியையும் கொண்டுவரும். அதோடு நிற்காது. காயத்தின் ஆழத்தைப் பார்க்க டாக்டர் அந்த மாவையும் மஞ்சளையும் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தச் சுரண்டலின் வேதனையை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி மாவுப் பாத்திரத்தைத் தேடமாட்டார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சளி பிடித்தால் கொதிநீரில் தைலம் விட்டு, போர்வைக்குள் தலையை விட்டு ஆவி பிடிக்கிறோம். பாத்திரம் கவிழ்ந்தால் வெந்நீர் நேராக மடியிலும் தொடையிலும்தான் கொட்டும். 60 டிகிரி வெந்நீர் சுமார் ஐந்து வினாடியிலேயே பெரியவர்களின் தோலை ஆழமாக வேகவைக்கும். குழந்தையின் தோல் மெல்லியது, அதற்கு அந்த நேரம்கூட வேண்டாம். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடிப்பதை நிறுத்திவிடலாம், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

மருத்துவமனையில் ஆழத்துக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது பரப்பு. விரல்களோடு சேர்ந்த நோயாளியின் சொந்த உள்ளங்கை உடம்பில் ஏறக்குறைய 1 சதவிகிதம். பெரிய காயத்துக்கு ஒன்பதுகளின் கணக்கு: தலை 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, முன்பக்கம் 18, முதுகுப்பக்கம் 18, மிச்சம் 1. கைக்குழந்தைக்குத் தலை பெரியது என்பதால் கணக்கு மாறும். இந்தச் சதவிகிதம்தான் உயிர் காக்கும் முதல் கணக்குக்கு அடிப்படை. பெரிய தீக்காயத்தில் ரத்தக்குழாய்கள் கசிய ஆரம்பித்து, உடம்பின் நீரெல்லாம் திசுக்களுக்குள் இறங்கிவிடும். அதை ஈடுகட்ட எடைக்குக் கிலோ ஒன்றுக்கு, வெந்த பரப்பு சதவிகிதம் ஒன்றுக்கு 4 மில்லி என்று பெருக்கித் திரவம் ஏற்றுவது பல காலமாக உள்ள முறை. 60 கிலோ ஆள், 40 சதவிகிதக் காயம் என்றால் 9,600 மில்லி, கிட்டத்தட்டப் பத்து லிட்டர். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும். அந்த எட்டு மணி நேரம் மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, சுட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. அதனால் எத்தனை மணிக்கு நடந்தது என்று அவசரப் பிரிவில் கேட்டால் சரியாகச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் பெரியவர்களின் கடுமையான தீக்காயங்கள் சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் தீக்காயச் சிகிச்சை நிலையத்துக்குப் போகின்றன, பிள்ளைகளுடையவை கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கு. பொது மருத்துவமனையின் அந்த நிலையம் வட்டார அளவிலும் பெயர் பெற்றது. 2002 பாலி குண்டுவெடிப்பில் காயமடைந்தவர்கள் சிலருக்கும் அங்கே சிகிச்சை நடந்தது. முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சுட்டால் பரப்பு சிறியதாக இருந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ரசாயனமும் மின்சாரமும் அப்படியே. பெரிய காயம் என்றால் யோசிக்காமல் ஆம்புலன்சுக்கு 995.

புகையும் ஒரு தீக்காயம்தான், உள்ளே நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. குரல் கரகரத்தாலோ, மூக்குமுடி பொசுங்கியிருந்தாலோ, சளியில் கரி தெரிந்தாலோ மூச்சுக்குழாய் வீங்க ஆரம்பித்திருக்கலாம். 2025 ஏப்ரல் 8 அன்று ரிவர் வேலி சாலைக் கடைவீட்டில் தீப்பிடித்தபோது, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரத்தைத் தூக்கிவந்து ஏறிப் பிள்ளைகளைச் சன்னல் வழியாக இறக்கினார்கள். அவர்களில் நம் தமிழ்ப் பையன்களும் இருந்தார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அத்தகைய இடத்திலிருந்து நடந்தே வெளியே வந்தவரையும் மருத்துவமனைக்கு அனுப்பத்தான் வேண்டும், சில மணி நேரம் கழித்துத்தான் வீக்கம் மூச்சை அடைக்கும்.

மின்சாரம் தோலில் சிறு புள்ளியை மட்டும் விட்டுவிட்டு உள்ளே தசையை வேகவைத்திருக்கும், இதயத் துடிப்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிப் தொழிற்சாலைகளில் புழங்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இன்னும் மோசம், அது ரத்தத்தின் கால்சியத்தையே பிடித்து இழுத்துவிடும். அதற்கென்று கால்சியம் குளுகோனேட் ஜெல் இருக்கிறது. அந்த அமிலத்தோடு வேலை செய்பவர்கள் ஜெல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

2021 பிப்ரவரி 24 அன்று டுவாஸ் அவென்யூ 11-இல் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். சூடேற்றும் எண்ணெய் உறை கொண்ட ஒரு கலவை இயந்திரம் வெடித்தது. அதைத் தொடர்ந்து, அங்கே பயன்படுத்திய உருளைக்கிழங்கு மாவின் தூசி காற்றில் பரவித் தீப்பற்றியது. இந்தியர் ஒருவரும் வங்காளதேசத்தவர் இருவரும் உயிரிழந்தார்கள், ஏழு பேர் காயமடைந்தார்கள். சமையலுக்கு எடுக்கும் மாவு வெடிக்குமா என்று அப்போது பலர் கேட்டார்கள். குவியலாகக் கிடக்கும் மாவு மெதுவாகத்தான் கருகும். அதே மாவு தூசியாக மிதந்தால் ஒவ்வொரு துகளையும் காற்று சூழ்ந்துகொள்ளும், ஒரு பொறி பட்டால் அத்தனையும் ஒரே நொடியில் எரியும். விசாரணைக் குழு அமைத்து, அதே ஆண்டு வெளிப்படையாக விசாரித்தார்கள். தீ என்றால் எண்ணெய், எரிவாயு, மின்சாரம் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த தொழிற்கூடங்கள் மாவுத் தூசியையும் பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான் என்பது என் எண்ணம்.

ஆழமான காயத்துக்கு மருந்து தடவிக் காத்திருக்க முடியாது. செத்த தோல் கிருமிக்கு விருந்து. அதனால் முதல் சில நாள்களுக்குள்ளேயே அதைச் செதுக்கி எடுத்துவிட்டு, அந்த நோயாளியின் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுவார்கள். இடம் பெரிதாக இருந்தால் அந்தத் தோலில் சிறு வெட்டுகள் போட்டு வலைபோல விரித்து ஒட்டுவார்கள். எடுக்க நல்ல தோலே மிஞ்சவில்லை என்றால், இறந்தவர்கள் தானம் தந்த தோலைத் தற்காலிகமாக மூடுவதற்குப் பயன்படுத்துவார்கள். உடம்பு சில வாரத்தில் அதைத் தள்ளிவிடும், ஆனால் அந்தச் சில வாரம் உயிரைப் பிடித்துவைக்கும். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரில் இறந்தபின் உறுப்புகளை எடுக்க அனுமதிக்கும் ஹோட்டா சட்டத்தில் சிறுநீரகம், இதயம், கல்லீரல், கருவிழி மட்டுமே உண்டு. தோல் கிடையாது. தோலைத் தானம் செய்ய விரும்புகிறவர் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நான் செய்திருக்கிறேன்.

ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டதும் குடும்பம் நிம்மதியாக மூச்சு விடும். ஊருக்குப் போன் போட்டு "ஆறிருச்சும்மா" என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் நீண்ட பாதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மூடிய காயம் அடுத்த மாதங்களில் தடித்து, சிவந்து, புடைத்து எழும். நம்மைப்போல் கறுத்த தோல்காரர்களுக்குத் தழும்பு புடைப்பது இன்னும் அதிகம். தழும்பு சுருங்கிக்கொண்டே போவதால், முழங்கால் மடியில் இருந்தால் காலை நீட்டவிடாது, கழுத்தில் இருந்தால் தலையை நிமிர்த்தவிடாது, விரல்களுக்கு நடுவே இருந்தால் கையை விரிக்கவிடாது. இதைத் தடுக்கத்தான் தெரபிஸ்ட் தினமும் வலிக்க வலிக்க இழுத்துவிடுகிறார். உடம்போடு ஒட்டிய அழுத்த உடையை ஒரு நாளில் 23 மணி நேரம், மாதக்கணக்கில், பலருக்கு ஓராண்டுக்கு மேலும் போடச் சொல்கிறார். குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். சிங்கப்பூர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் நடந்து பார்த்தால்தான் அந்த அவஸ்தை புரியும்.

பிறகு அரிப்பு. இரவெல்லாம் தூங்கவிடாத அரிப்பு. ஒட்டுத்தோலில் வியர்வைச் சுரப்பி இருக்காது. பரப்பு பெரிதாக இருந்தால் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாமல் மயக்கம் வரும். வெயில் பட்டால் தழும்பு கருக்கும். கட்டடத் தளத்தில் வெயிலில் நின்று பிழைக்கிற ஒருவருக்கு இது என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். நடக்கிறார், பேசுகிறார், கைகால் எல்லாம் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு 'நல்லாத்தான் இருக்கார்'. ஆனால் பழைய வேலையைச் செய்ய முடியாது. நெருப்பைப் பார்த்தால் நடுங்குவது, கண்ணாடி பார்க்க மறுப்பது, கல்யாணப் பேச்சு நின்றுபோவது என்று மனத்தில் ஓடுவதெல்லாம் தனி. மருத்துவச் சமூக ஊழியரிடம் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கூச்சப்பட வேண்டியதில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். வேலையிடத்தில் காயம்பட்டவருக்கு முதல் வழி வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம். தொழிலாளர்கள் இதை 'விக்கா' என்பார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2019-இல் நிறைவேறி 2020 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த சட்டம். இதன் பலம், யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையால், வேலை நேரத்தில் காயம் வந்தது என்றாலே போதும். உங்கள் கவனக்குறைவே காரணமாக இருந்தாலும் கிடைக்கும். குடித்திருந்தது, சண்டையில் இறங்கியது, வேண்டுமென்றே காயப்படுத்திக்கொண்டது போன்றவைதான் விலக்கு. வழக்கறிஞர் கட்டாயமில்லை. உள்ளூர்க்காரர், வெளிநாட்டவர் என்ற பாகுபாடும் இல்லை.

இந்தச் சட்டத்தில் மூன்று வகைப் பணம் உண்டு. முதலாவது மருத்துவ விடுப்புச் சம்பளம். வெளிநோயாளி எம்சிக்கு (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) 14 நாள் வரை, மருத்துவமனை விடுப்புக்கு 60 நாள் வரை முழுச் சம்பளம். அதைத் தாண்டினால் மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஓராண்டு வரை. லைட் டியூட்டி, அதாவது டாக்டர் இலகுவான வேலை மட்டும் பார்க்கச் சொன்ன நாள்களும் இதில் சேரும். முழுச் சம்பளம் என்பது கடந்த 12 மாதச் சராசரி, ஓவர்டைமும் சேர்த்து. 'பேசிக் மட்டும்தான்' என்று சொன்னால் நம்பாதீர்கள். ஓவர்டைமில்தான் பலருக்குச் சம்பளத்தின் பாதியே வருகிறது. அந்தத் தம்பிக்கும் முதல் மாதம் பேசிக்தான் வந்தது, சம்பளச் சீட்டுகளை எடுத்துக் காட்டிய பிறகுதான் திருத்தினார்கள்.

இரண்டாவது, மருத்துவச் செலவு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு உச்சவரம்பு 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அல்லது விபத்திலிருந்து ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பல வாரம், நான்கைந்து அறுவைச் சிகிச்சை என்றால் 53,000 எந்த மூலைக்கு? வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்களின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு என்பதும், அவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலை முதல் கட்டாயம் என்பதும் அப்போது கைகொடுக்கும்.

மூன்றாவது, நிரந்தர உடற்குறைக்கான தொகை. வயதுக்கு ஏற்ற ஒரு எண், சராசரி மாத வருமானம், டாக்டர் கொடுக்கும் சதவிகிதம் மூன்றையும் பெருக்குவார்கள். முழு உடற்குறைக்குக் குறைந்தது 116,000, அதிகம் 346,000 வெள்ளி. எப்போதும் ஆள் துணை தேவைப்பட்டால் மேலும் 25 சதவிகிதம். உயிரிழப்புக்கு 91,000 முதல் 269,000 வரை. 10 சதவிகித உடற்குறை என்றால் குறைந்த வரம்பில் 11,600, கூடிய வரம்பில் 34,600. ஆக, அந்தச் சதவிகிதம் எப்போது, எப்படி முடிவாகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எனக்கு உறுத்துவதும் இந்த இடம்தான். கோரிக்கைகள் இழுத்துக்கொண்டே போகக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில், விபத்து நடந்து ஆறு மாதம் ஆன நிலையை வைத்தே மதிப்பிட 2019 சட்டம் இடம் தருகிறது. எலும்பு முறிவுக்கு ஆறு மாதத்தில் ஓரளவு தெரிந்துவிடும். தீக்காயத் தழும்புக்கு ஆறாம் மாதம் என்பது பாதி வழி. இனிமேல் இறுகலாம், தளரலாம், இன்னோர் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அந்த நேரத்தில் மதிப்பீட்டுக்குப் போகும்போது தெரபிஸ்ட்டின் அளவுகள், அடுத்து செய்ய வேண்டிய சிகிச்சை பற்றிய டாக்டரின் குறிப்பு, வியர்க்காதது, வெயில் தாங்காதது எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். டாக்டர் கேட்டதற்கு மட்டும் "ஓகே டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வருகிற பழக்கம் நம்மவர்களிடம் நிறைய. மதிப்பீட்டு அறிவிப்பு வந்ததும் ஏற்க முடியாவிட்டால் மறுப்புத் தெரிவிக்கக் கெடு இருக்கும். அறிவிப்பில் போட்டிருக்கும் அந்தத் தேதியை முதலில் பாருங்கள்.

விக்கா வலிக்குப் பணம் தருவதில்லை. தழும்பால் போன முகத்துக்கும் போன தூக்கத்துக்கும் தனியாக ஒன்றும் இல்லை. அவற்றையும், எதிர்கால அறுவைச் சிகிச்சைச் செலவையும், இழந்த எதிர்கால வருமானத்தையும் கேட்கலாம் என்பது சிவில் வழக்கில்தான். அங்கே உச்சவரம்பும் இல்லை. ஆனால் முதலாளியோ, முதன்மைக் குத்தகையாளரோ, இடத்தை நிர்வகிப்பவரோ கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். உங்கள் பங்குத் தவறு எவ்வளவோ அவ்வளவு குறையும். தோற்றால் ஒன்றும் கிடைக்காது. காலம் மூன்று ஆண்டு. விக்கா கோரிக்கைக்கு ஓராண்டு. முதலாளியிடமிருந்து இரண்டு வழியிலும் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். விக்கா மதிப்பீட்டை ஏற்றுப் பணம் வாங்கிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

என்னைக் கேட்டால், சிறிய காயத்துக்கும் தவறு யாருடையது என்று தெளிவில்லாத விபத்துக்கும் விக்கா போதும். முகமோ கையோ வெந்திருந்தால், வயது குறைவாக இருந்தால், பாதுகாப்பு ஏற்பாட்டில் குறை வெளிப்படையாகத் தெரிந்தால், மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவிகிதம் என்று கட்டணம் பேசுவதற்கு இந்த வழக்குகளில் இங்குள்ள வழக்கறிஞர்களுக்கு அனுமதியில்லை. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் யாராவது அப்படிப் பேசி அழைத்தால் விலகிவிடுங்கள். அரசாங்கத்தின் சட்ட உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வெளிநாட்டு ஊழியர்கள் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ, டிடபிள்யூசி2, ஹோம், ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்புகளையோ, புரோ போனோ எஸ்ஜியின் இலவசச் சட்ட ஆலோசனையையோ நாடலாம். காயப்பட்டு வேலையின்றி இருப்பவர்களுக்கு டிடபிள்யூசி2 தன் கஃப் ரோடு திட்டத்தில் 2008-இலிருந்து இலவசச் சாப்பாடும் போட்டுவருகிறது.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் நிறுவனத்துக்கு விதிக்கும் அபராதம் அரசாங்கத்துக்குப் போகிறது. காயப்பட்டவர் கைக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. 'கம்பெனிக்கு ஃபைன் போட்டாச்சு, எனக்கும் வரும்' என்று காத்திருந்து ஓராண்டைக் கோட்டைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

இல்லப் பணிப்பெண்களுக்கு விக்கா கிடையாது. நம் சமையலறைகளில் கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நிற்பவர்கள் பல வீடுகளில் அவர்கள்தான் என்பதை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. அவர்களுக்கு முதலாளி எடுத்திருக்க வேண்டிய தனிநபர் விபத்துக் காப்புறுதி குறைந்தது 60,000 வெள்ளி. அதில்தான் கோர வேண்டும். உணவு விநியோகம் செய்பவர்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் இணையத்தள ஊழியர் சட்டத்தின்கீழ் விக்கா அளவிலான பாதுகாப்பு வந்துவிட்டது. சாப்பாட்டுக் கடையில் பணியாளர் சூடான சூப்பை உங்கள் பிள்ளைமேல் கொட்டிவிட்டால் அது கவனக்குறைவுக்கான சிவில் கோரிக்கை.

முதலாளி தமக்குத் தெரியவந்த 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், லைட் டியூட்டி மட்டும் கொடுத்தாலும் தெரிவித்தாக வேண்டும். அவர் செய்யாவிட்டால் நீங்களே அமைச்சிடம் சொல்லலாம். டாக்டரிடம் முதல் கேள்விக்கே வேலையில் நடந்தது என்று சொல்லி, அவர் அதை எழுதுகிறாரா என்று பாருங்கள். டார்மில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள், அதை அப்புறம் மாற்றுவது மிகக் கஷ்டம். காயத்தைக் கட்டுப்போடும்போதெல்லாம் தேதியோடு படம் எடுத்துவையுங்கள். ஆறாம் மாதம் வழவழப்பாகத் தெரியும் தழும்பு முதல் வாரத்தில் எப்படி இருந்தது என்று வேறு எதுவும் சொல்லாது. வேலை அனுமதி ரத்தானாலும் கோரிக்கை முடியும்வரை ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதியில் தங்கியிருக்க வழி உண்டு. டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஊருக்கு அனுப்பப் பார்த்தால் ஏறுவதற்கு முன் அமைச்சையோ மேலே சொன்ன அமைப்புகளையோ அழையுங்கள்.

அந்தத் தம்பிக்கு வலது முழங்காலில் தோல் ஒட்டினார்கள், இடது தானாக மூடிக்கொண்டது. ஏழாம் மாதம் அவரோடு கிளினிக்குக்குப் போயிருந்தேன். வலது காலைச் சம்மணமிட முடியவில்லை, குந்தி உட்காரவும் முடியவில்லை. தெரபிஸ்ட் கோணமானியை முழங்காலில் வைத்து, மடங்கும் அளவை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் தம்பி லிஃப்டை நோக்கி நடந்தார். கூப்பிட்டு நிறுத்தி, "உள்ள போய் அந்தத் தாளோட காப்பி ஒன்னு கேளு தம்பி" என்றேன்.